வால்ட்டரின் கோழி

பலகை நல்ல பலகைதான். ஓக் மரம், இத்தனை நூற்றாண்டாகப் பூச்சி தொடவில்லை என்று சம்பந்தி ஜெரால்ட் விரலை மடக்கித் தட்டிக் காட்டினார், சத்தமும் கெட்டியாகத்தான் வந்தது. ஆனால் கோயிலுக்குள்ளே நாலு பக்கமும் பலகை அடித்து, பலகைக்கு ஒரு கதவு வைத்து, கதவுக்கு ஒரு கொக்கியும் போட்டு, அதற்குள்ளே குந்திக்கொண்டு ஆண்டவனைக் கும்பிடுகிறவனை மனுஷரில் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அருமைக்கண்ணுவுக்கு விளங்கவில்லை. உட்கார்ந்தால் கூரை தெரிந்தது, பிரசங்க மேடையின் மேல்பாதி தெரிந்தது, மற்றபடி ஒரு முகம் தெரியவில்லை. அதற்காகத்தான் கட்டியதாம். ஜெபத்தின் நடுவே ஊர்ப் பிரபு தூங்கினால் குடியானவர்கள் பார்த்துவிடக் கூடாது, குடியானவர்களின் கிழிசல் பிரபுவின் கண்ணில் பட்டு அவர் பக்தி கெட்டுவிடக் கூடாது. தன் வீட்டு நாய் செய்த குறும்பைச் சொல்வது மாதிரி ஜெரால்ட் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் ஊரில் தச்சுக்கூலி இவ்வளவு ஆகவில்லை, என்று அருமைக்கண்ணு நினைத்துக்கொண்டார். வெளியே நில் என்றார்கள், நின்றோம், பலகையே தேவைப்படவில்லை. பக்கத்தில் மனைவி தனபாக்கியம் பட்டுப்புடவைக்கு மேல் கம்பளிச் சட்டையும், செருப்புக்குள் காலுறையுமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். "குளிரு பாதத்துலேருந்து ஏறுது. இவ்வளவு பெரிய கோயிலு கட்டினவனுவளுக்கு ஒரு அடுப்பு வைக்கத் தெரியலயா?" என்று முணுமுணுத்தாள். "சும்மா இரு, காதுல விழும்." "விழட்டும், தமிழா புரியப் போவுது?" அவள் கவலையெல்லாம் பாதத்தோடு முடிந்துவிட்டது, கொடுத்து வைத்தவள்.

இன்றைக்குக் கடைசி ஞாயிறு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மணமக்களின் பெயரைச் சபையில் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை தெரியுமா, தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று கேட்பது இந்த வெள்ளைக்காரர் நாட்டில் வழக்கமாம். முதல் இரண்டு ஞாயிறும் அவரும் தனபாக்கியமும் தஞ்சாவூரில் இருந்தார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை, டோபிக்கும் மகள் இளவேனிலுக்கும் யார் என்ன தடை சொல்லப்போகிறார்கள். பையன் தங்கமான பையன். மருத்துவமனையில் வேனிலோடு வேலை செய்கிறவன், ரசம் வைக்கக் கற்றுக்கொண்டவன், இந்த ஊரில் ஒரு சின்ன வீடு எடுத்து இரண்டு பேரும் இருக்கிறார்கள், அதனால்தான் கல்யாணமும் இந்த ஊர்க் கோயிலில். பையன்மேல் ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் பையனின் அப்பாமேல். ஜெரால்ட் குளியலறை ஓடு விற்றுச் சம்பாதித்தவர். விற்றுவிட்டுப் போகட்டும், ஓடு நல்ல பொருள். ஆனால் அந்தப் பணத்தைக் கொண்டுபோய் ஏலத்தில் இந்த ஊரின் பிரபுப் பட்டத்தை வாங்கினார். பட்டத்தோடு நிலம் வராது, வீடு வராது, ஒரு மரம்கூட வராது, வெறும் பெயர். அந்தக் காலத்தில் இந்த ஊருக்கு உடையவன் யாரோ அவனுடைய பெயர் கைமாறிக் கைமாறி இவரிடம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். செங்கமலம் அக்கா போனில் கேட்டபோது இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "வெள்ளக்காரன்ல சம்பந்தி என்ன சாதிடா?" "மிராசு மாதிரிக்கா." "நெலம் எவ்வளவு?" "ஒரு குழிகூடக் கெடையாது." "நெலமில்லாம என்னடா மிராசு? மாடு இல்லாதவன் சாணி வித்த கதையா இருக்கு" என்று அக்கா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. அக்காவுக்கு எப்போதும் வாய் நிறைய, ஊர் கேட்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்கு ஏன் வரவில்லை, அன்றைக்கு ஜெரால்டோடு உட்கார்ந்திருந்த அந்த பப்பில் எனக்கு ஏன் அந்தச் சிரிப்பு வரவில்லை.

மேடையில் பாதிரியம்மா வேகமாக ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு ஊருக்கு ஒரே பாதிரி, இது முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓட வேண்டும், வாசலில் வரவேற்றபோதே அங்கியின் அடியில் மழைக்கால ரப்பர் பூட்ஸ் தெரிந்தது. உள்ளே வரும் வழியில் சுவரை ஒட்டி ஒரு கல் வீரன் கிடந்தான், முகத்தில் மூக்கு இல்லை, காலடியில் ஒரு கல் நாய். அவனும் ஒரு உடையவன். வந்திறங்கிய அன்றே ஜெரால்ட் தான் அச்சடித்த ஊர் வரலாற்றை அருமைக்கண்ணுவின் கையில் வைத்து அழுத்திவிட்டார், வேறு வேலை இல்லாததால் இவரும் படித்துவிட்டார். முதலில் ஊர் ஒரு மடத்துக்கு உடையதாக இருந்தது, மடத்திடமிருந்து ராஜா பிடுங்கினார், ராஜா ஒரு வீரனுக்குக் கொடுத்தார், வீரனுக்கு ஆண்வாரிசு இல்லை, மகளைக் கட்டியவனுக்குப் போனது, அவன் தலையை வெட்டினார்கள், வேறொருவனுக்குப் போனது. அவன் வருஷத்துக்கு ஒரு ரோஜாப்பூ கொடுத்தால் போதும் என்று ராஜா சலுகை கொடுத்தாராம். ஒரு ஊரையே அனுபவிப்பதற்கு ஒரு பூ! பக்கம் பக்கமாக இவன் மகன் அவன், அவன் மருமகன் இவன். நடுவில் ஒரே ஒரு வரியில் உழுகிறவர்கள் வருகிறார்கள், இத்தனை குடியானவர்கள், இத்தனை அடிமைகள், ஒரு மாவு ஆலை, பன்றி மேய இத்தனை காடு. ஒரே மூச்சில், காற்புள்ளிக்கு அந்தப் பக்கம் அடிமை, இந்தப் பக்கம் பன்றி. எழுதினவனுக்குக் கை கூசவில்லை, எண்ணூறு வருஷம் கழித்து அதை எடுத்து வழவழப்பான தாளில் அச்சடித்த ஓடு வியாபாரிக்கும் கூசவில்லை. அத்தனை பக்கத்திலும் ஒரே ஒரு குடியானவனுக்குத்தான் பெயர் இருந்தது. வால்ட்டர். தன் மகள் ஆக்னஸைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவிடம் அனுமதி வேண்டி ஒரு கோழி செலுத்தினான். அது வழக்கமாம். மகள் புருஷன் வீட்டுக்குப் போனால் பிரபுவுக்கு வேலைக்கு ஒரு ஆள் குறையும், அவள் வயிற்றில் பிறக்கப்போகிற ஆட்களும் குறைவார்கள், அதற்கு ஈடு. வால்ட்டர் என்ன வேலை செய்தான், ஆக்னஸ் யாரைக் கட்டிக்கொண்டாள், சந்தோஷமாக இருந்தாளா, ஒன்றும் கிடையாது. கோழி போய்ச் சேர்ந்தது, அது மட்டும் நிச்சயம்.

இந்த இடத்துக்கு வந்தால் மனசு மேலே போக மறுத்தது. பப்பில் வைத்து ஜெரால்ட் அந்தப் பக்கத்தைத்தான் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். படித்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "அப்படிப் பார்த்தால், அருமை, உங்கள் மகள் இப்போது என் ஊரில் குடியிருக்கிறாள். நீங்கள் எனக்கு ஒரு கோழி தர வேண்டும்!" என்றார். மேஜை முழுக்கச் சிரிப்பு. சிரிப்போடு விட்டிருந்தால் பாதகமில்லை. கல்யாண விருந்தில் இதையே ஒரு நிகழ்ச்சியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். பழைய நாற்காலி ஒன்று இருக்கிறது, அதில் அவர் உட்காருவார், அருமை ஒரு கூடையில் உயிர்க்கோழியோடு வந்து ஒற்றை முழங்காலில் நிற்க வேண்டியது, இவர் அனுமதி தந்தோம் என்று கையை உயர்த்த வேண்டியது, எல்லாரும் கைதட்டுவார்கள், போட்டோ பிரமாதமாக வரும். கூடைகூட வாங்கியாகிவிட்டது, ரிப்பன் கட்டி வீட்டுக்கூடத்தில் வைத்திருக்கிறார். மனுஷனுக்கு ஒரு துளி விஷம் கிடையாது, அதுதான் தாங்க முடியவில்லை. விஷம் இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். இவர் நிஜமாகவே சம்பந்தியோடு சேர்ந்து விளையாட ஆசைப்படுகிறார், குழந்தை தன் பொம்மையை நீட்டுவது மாதிரி நீட்டுகிறார், அந்தப் பொம்மை எங்கே செய்தது, யாருடைய எலும்பில் செய்தது என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டியதில்லை. அதற்கு அருமைக்கண்ணு என்ன செய்தார்? சிரித்தார். வலது கை தானாக மேலே போய் வாயைப் பொத்தியது, தோள் இரண்டும் குலுங்கின, சத்தம் வெளியே வராமல் தொண்டைக்குள் ஹிக் ஹிக் என்றது. அது அவர் சிரிப்பு இல்லை. அது யாருடையது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, பீர் கோப்பையை அப்படியே வைத்துவிட்டார்.

அது அப்பாவின் சிரிப்பு. அருமைக்கண்ணு அதை நேரில் பார்த்ததுகூட இல்லை. அக்கா நடித்துக் காட்டிப் பார்த்ததுதான். அக்காவுக்கு மாப்பிள்ளை முடிவானதும் அப்பா ஒரு சேவலையும் ஒரு வாழைத்தாரையும் தூக்கிக்கொண்டு பண்ணைவீட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றார். முறை அது, கேட்காமல் செய்ய முடியாது. சட்டமெல்லாம் வந்து வருஷக்கணக்காகியிருந்தது, சட்டம் அந்தக் கொல்லைக்கு இன்னும் வந்து சேரவில்லை. பண்ணைப் பெரியவர் பல் குச்சியோடு வந்து, "ஏன்டா சோலை, பொண்ணுக்கு இப்ப என்ன அவசரம்? நடவு கெடக்கு. தையில பாத்துக்க" என்றார். அக்கா நடவுக்குக் கெட்டிக்காரி. மற்றவர்கள் பாதியில் நிற்கும்போது அவள் முடித்து வரப்பில் ஏறிவிடுவாள். "அதாண்டா அந்தாளுக்கு எம்மேல அம்புட்டுப் பிரியம்" என்பாள். பிறகு பெரியவர் சேவலைத் தூக்கிப் பார்த்து, "கோழியும் உன்னயாட்டம் வத்தலாத்தான்டா இருக்கு" என்றாராம், அப்பா துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாராம். வீட்டில் யார் கூடினாலும் அக்கா இதை நடித்துக் காட்டுவாள். துண்டு, குனிவு, கை, தோள், ஹிக் ஹிக். வேனில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அத்தை இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி என்று கேட்டு உருளுவாள். அப்பா செத்த பிறகும் அக்கா நிறுத்தவில்லை, கோபம் அவ்வளவு. அப்பாவின்மேல் எனக்கும் கோபம்தான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதவர் என்று காலமெல்லாம் இளப்பமாக நினைத்திருந்தேன். அவருக்காவது தையில் நாலு படி நெல் வேண்டியிருந்தது. எனக்கு என்ன வேண்டியிருந்தது? பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர், அந்தப் பண்ணை வயலுக்குப் போகிற வாய்க்காலின் மதகு என் கையெழுத்தில் திறக்கிறது, கையில் பீர் கோப்பை, எதிரில் ஓடு விற்ற ஆள். அந்த ஆளுக்கு முன்னால் வாயைப் பொத்தினேன்.

இல்லை, முழங்காலுக்கும் கைக்கும் மூளை கிடையாது, அதுதான் விஷயம். போன வருஷம் பெரியவரின் பேரன் ஏதோ ஒப்பந்த வேலை கேட்டு ஆபீசுக்கு வந்தான். காதில் கடுக்கன், கிழிந்த ஜீன்ஸ், "சார், சார்" என்று குழைந்தான், இருபத்தைந்து வயசுகூட இருக்காது. பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அருமைக்கண்ணு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது. ஜன்னலைச் சாத்தப் போவது போல நடந்துபோய்ச் சாத்திவிட்டு வந்தார், மே மாதத்தில், மின்விசிறி ஓடாத அறையில். அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனும் வால்ட்டரின் பிரபுவும் ஜெரால்டும் யாரும் எதுவும் செய்யவே வேண்டாம், வெறுமனே வந்து நின்றால் போதும், மற்றதையெல்லாம் நம் எலும்பு பார்த்துக்கொள்ளும். வால்ட்டரும் சிரித்திருப்பானோ. இதே கட்டடத்தில், இந்தப் பலகைக்கு அந்தப் பக்கம், நிற்கிறவர்கள் கூட்டத்தில் குளிரில் நின்றிருப்பானே, ஆக்னஸ் பக்கத்தில் நின்றிருப்பாளே, அவளும் நன்றாக நாற்று நடுவாளோ, இங்கே நாற்று ஏது, கோதுமை அறுப்பாளோ என்னவோ. அவளாவது அப்பனை நடித்துக் காட்டிச் சிரித்தாளா? காலையில் கல்லறைத் தோட்டத்தின் வழியே வரும்போது வேனில் கையைப் பிடித்து நிறுத்தினாள். "என்னப்பா உம்முனு வர்றீங்க? கோழி விஷயமா?" "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா." "புடிக்கலன்னா சொல்லுங்க, நான் ஜெரால்டுகிட்ட சொல்லிடறேன். நீங்கதானப்பா மொதல்ல சிரிச்சீங்க, நீங்க சிரிச்சதாலதான் நானும் சிரிச்சேன்." "நானா?" "பின்ன? கைய வாய்ல வச்சுக்கிட்டு என்னமா சிரிச்சீங்க." "சும்மா வெளையாட்டுதானேம்மா. விடு." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "சொல்லவும் மாட்டீங்க, சொல்லாம இருக்கவும் மாட்டீங்க. கல்யாணத்தன்னிக்கு இந்த மூஞ்சியோட நிக்காதீங்கப்பா, ப்ளீஸ்." அவள் முன்னால் போய்விட்டாள், டோபி அவள் தோளில் கை போட்டான். அவளே முதலில் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள்மேல் கோபித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். முழங்காலிட மாட்டேன் என்று சொல்லிக் கல்யாண வீட்டில் கலகம் பண்ணின அப்பன் என்று பெயர் வாங்குவதா, முழங்காலிட்டு அந்தப் போட்டோவை அவள் வீட்டு வரவேற்பறையில் ஆயுசுக்கும் மாட்ட விடுவதா. அந்தப் போட்டோவை அக்காவும் பார்ப்பாள். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள், நடித்துக் காட்ட இன்னொரு ஆள் கிடைத்தான் என்று வைத்துக்கொள்வாள்.

"இந்த ஊரைச் சேர்ந்த டோபியாஸுக்கும்," என்றார் பாதிரியம்மா, தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், "இந்த ஊரைச் சேர்ந்த இலா, இலாவேனில் அருமா, அருமைக்கனுவுக்கும்," இந்த ஊரைச் சேர்ந்த, ஆமாம், இந்த ஊரைச் சேர்ந்த, அதுதான் கோழிக்கு ஆதாரம், "நடக்கவிருக்கும் திருமணத்துக்கு நியாயமான தடை எதுவும் உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், இப்போது சொல்லுங்கள். இது மூன்றாவது, கடைசி முறை." சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கூரையில் எங்கோ புறா சிறகடித்தது. யாரோ இருமினார்கள். தடை எதுவும் இல்லை, நியாயமான தடை எதுவும் இல்லை, பையன் தங்கம், ரசம் வைக்கிறான், உட்காரு, அருமைக்கண்ணு, என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டபோது ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தார். எதற்காக எழுந்தார்? மறுத்துச் சொல்லவா, பெயர் கேட்டதும் எழுகிற பழக்கத்திலா? அது அவருக்கே தெரியவில்லை, முழங்காலைக் கேட்டால் அது சொல்லாது. ஆனால் நின்றும் பிரயோஜனமில்லை. கண்ணுக்கு முன்னால் பலகைதான் இருந்தது. பிரபுவின் அடைப்பு பிரபுக்களின் உயரத்துக்குச் செய்தது, அவர் எழுந்தது அந்தக் கோயிலில் ஒரு பிறவிக்கும் தெரியவில்லை. ஜெரால்டுக்குத் தெரிந்தது. பாட்டுக்கு எழ வேண்டும் போலிருக்கிறது, விருந்தாளிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் அவசரமாக எழுந்தார். அவர் ஆறடிக்குமேல், வெள்ளைத் தலை பலகைக்கு மேலே முளைத்தது. அவ்வளவுதான், பிரபுவின் தலை எழுந்ததைப் பார்த்துப் பின்னால் மொத்தச் சபையும் தடதடவென்று எழுந்தது. அதுவும் வழக்கமாம். ஆர்கன் வாசிக்கிற ஜெரால்டின் மனைவி எப்போதும் கண்ணாடியில் புருஷன் தலையைப் பார்த்துத்தான் தொடங்குவாள், தொடங்கிவிட்டாள். பாதிரியம்மா வாயைத் திறந்து மூடினார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சரி போகட்டும் என்று அவரும் பாட ஆரம்பித்தார். மறுப்புச் சொல்ல ஒருவன் எழுந்தால் அதையும் பாட்டாக்கி விழுங்கிவிடுகிற சபை! அருமைக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்தது. கசப்பில் வந்த சிரிப்புதான், ஆனாலும் கை தானாக மேலே போய் வாயைப் பொத்தியது, தோள் குலுங்கியது, பலகைக்குள்ளே, யாருக்கும் தெரியாமல், ஹிக் ஹிக்.

அடைப்பின் மறுகோடியில் டோபியோடு நின்ற வேனில் திரும்பிப் பார்த்தாள். முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையை, பிறகு தோளை. அவள் முகத்தில் என்னவோ மெதுவாக இடம் மாறியது, எங்கேயோ பார்த்த ஒன்றை எங்கே பார்த்தோம் என்று தேடுகிற பார்வை. கிடைத்துவிட்டது. "அத்தை," என்றாள், சத்தமில்லாமல், உதடு மட்டும். பிறகு பாட்டுப் புத்தகத்தை டோபியின் கையில் திணித்துவிட்டு, தனபாக்கியத்தின் முழங்காலைத் தாண்டி ஜெரால்டின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். "ஜெரால்ட், கோழி கிடையாது." ஆர்கன் முழங்கியது. ஜெரால்ட் பாடிக்கொண்டே காதைச் சாய்த்து, "என்னம்மா?" என்றார். "அப்பா கோழி தர மாட்டார். முழங்காலிடவும் மாட்டார்." "என்ன? கேட்கவில்லை!" பாட்டின் முதல் சரணம் முடிந்து, அடுத்தது தொடங்குமுன் ஆர்கன் ஒரு மூச்சு நின்றது. அதற்குள் வேனில் தன் முழுக் குரலையும் எடுத்துவிட்டாள், அது அப்படியே செங்கமலம் அக்காவின் குரல். "கோழி கிடையாது!" கூரைவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஆர்கன் மறுபடி தொடங்கவில்லை. பாதிரியம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அந்த அடைப்பை எட்டிப் பார்த்து, "இது திருமணத்துக்குத் தடையா?" என்று கேட்டார். "இல்லை," என்றாள் வேனில். "கோழிக்குத்தான்."

ஜெரால்டின் முகம் ரிப்பன் கட்டின கூடை மாதிரியே இருந்தது, அழகாக, உள்ளே ஒன்றுமில்லாமல். "நான் சும்மா விளையாட்டுக்கு..." என்று தொடங்கினார், முடிக்காமல் உட்கார்ந்தார், வெள்ளைத் தலை இறங்கியதைக் கண்டு சபையும் உட்கார்ந்தது. டோபி ஒன்றும் புரியாமல், ஆனால் எதற்கும் இருக்கட்டும் என்று, வேனிலின் கையைப் பிடித்துக்கொண்டான். "என்னடி கோழி, இப்ப யாருடி கோழி கேட்டா? உக்காருங்க, மானம் போவுது" என்று தனபாக்கியம் அவர் சட்டையை இழுத்தாள். பலகைக்கு அந்தப் பக்கம், அந்தக் காலத்தில் நிற்கிறவர்கள் நின்ற இடத்தில், யாரோ ஒரு கிழவி வாய்விட்டுச் சிரித்தாள், நன்றாக, அடக்காமல். அருமைக்கண்ணு உட்காரவில்லை. கை இன்னும் வாய்மேல்தான் இருந்தது. ஈரமாக இருந்த அந்தக் கையை ஒரு தரம் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்தார், கதவுக்கொக்கியை நீக்கிக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, அப்படியே நின்றுகொண்டிருந்தார்.